குட்டியின் வயிற்றில் குட்டிகள்

1971-ஆம் ஆண்டு. இராயபுரத்தில், துறைமுகத்துச் சரக்கு ரயில் போகும் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவி. பேச்சுப் போட்டி எங்கே நடந்தாலும் கல்லூரி என்னைத்தான் அனுப்பும். வெற்றிக் கோப்பையில்லாமல் நான் திரும்பியது அரிது. அந்தத் திறமை எல்லாம் ஒரு நாய்க்குட்டியைக் காப்பாற்றப் பயன்படாமல் போன கதையைத்தான் எழுதுகிறேன். நினைத்தால் இன்றும் உடம்பு கொதிக்கிறது.

எதிர்வீட்டு மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். உறவுக்காரர் அல்லர், சந்துக்கே அவர் மாமா. கப்பல் அதிகாரி ஒருவர் கொடுத்துவிட்டுப் போன அல்சேஷன் கலப்புக் குட்டி அவர் வீட்டில் வளர்ந்தது. பெண் குட்டி, லில்லி என்று பெயர். காதுகள் இன்னும் நேராக நிற்கப் பழகாத வயது. கண்ணில் பட்ட செருப்பையெல்லாம் கவ்விக்கொண்டு தண்டவாளம் வரை ஓடும்.

அதற்குத் தடுப்பூசி போட மாமாவின் மனைவி கால்நடை மருத்துவமனைக்குப் போனபோது நானும் துணைக்குப் போனேன். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மருத்துவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். குட்டிகள் வேண்டாமென்றால் ஆறு மாதம் நிறைந்ததும், முதல் பருவம் வருமுன்பே, கருப்பையை நீக்கிவிடலாம். குட்டிகள் வேண்டுமென்றால் உடம்பு முழுதாக வளரட்டும்; இரண்டு வயதாகும்வரை ஆண் நாயை அண்ட விடாதீர்கள். அத்தை வீட்டில் வந்து இதைச் சொன்னபோது மாமா சிரித்தார். ஓர் ஈத்துகூட ஈனாத ஜீவனின் வயிற்றில் கத்தி வைப்பது பாவமாம். தள்ளிப்போட்டாலோ மலடாகிவிடுமாம்.

உண்மைக் காரணம் வேறு. துறைமுகத்தில் மாமாவோடு வேலை செய்கிறவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. நல்ல ஜாதி நாய் யார் வீட்டில் இருந்தாலும், அது சினையாகும் முன்பே குட்டிகளைப் பேசி முடித்துவிடுவார்கள். தாம்பூலம் மாற்றாததுதான் பாக்கி. மேஸ்திரிக்கு ஒன்று, டீக்கடைக்காரருக்கு ஒன்று, வியாசர்பாடியில் குத்துச்சண்டை கற்றுத்தரும் வாத்தியாருக்கு ஒன்று. பேசிவைத்த குட்டியைக் கொடுக்காதவனுக்கு அங்கே மதிப்பில்லை. ஆக, மாமாவின் மானம் முழுவதும் ஒரு குட்டி நாயின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

எட்டாம் மாதத்தில் லில்லிக்கு முதல் பருவம் வந்தது. மாமா ஒரு கிடங்கின் காவல் நாயைக் கயிற்றில் கட்டி அழைத்து வந்தார். நான் வாசலிலேயே வழி மறித்தேன். மருத்துவர் சொன்னதை வரிசையாக எடுத்துவைத்தேன். பால்ய விவாகத்தைச் சட்டம் ஏன் தடுக்கிறது என்று கேட்டேன். மனிதக் குழந்தைக்கு ஒரு நியாயம், வாயில்லாத குழந்தைக்கு ஒரு நியாயமா என்று முடித்தேன். சந்தே கூடிவிட்டது. மாமா கடைசிவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னா கண்ணு, காலேஜில இதைத்தான் சொல்லித் தர்றாங்கோளா? வயசுப் பொண்ணு பேசற பேச்சா இது?”

கூட்டம் சிரித்தது. கைதட்டுங்கப்பா என்று யாரோ சொல்ல, தட்டவும் தட்டினார்கள். அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள். வாதத்துக்கு எதிர்வாதம் வைத்தால் வென்றுவிடலாம். நீ பெண் என்பதையே எதிர்வாதமாக வைத்தால் என்ன செய்வது? அடுத்த பத்து நிமிடத்தில் மாமா வீட்டுக் கொல்லைக் கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோயிலிலிருந்து திரும்பினால், லில்லி விடியற்காலையிலிருந்து முக்கிக்கொண்டிருக்கிறது என்றார்கள். குட்டி வெளியே வரவில்லை. தானாக வரும் என்று சொல்லிவிட்டு மாமா டீக்கடைக்குப் போயிருந்தார். லில்லிக்கு முனகவும் தெம்பில்லை. அத்தை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கோணியில் அதைக் கிடத்தி, மீன் ஏற்றும் மூன்று சக்கர வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அதே மருத்துவர்தான் இருந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிடச் சலிப்புதான் அதிகம். இடுப்பெலும்பு இன்னும் விரியவில்லை, குட்டி வழியிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறது, வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார். அதோடு கருப்பையையும் எடுத்துவிடுவதே நல்லது. விட்டுவைத்தால் இன்னொரு பேற்றை இந்த உடம்பு தாங்காது. வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும் என்றார்.

அந்த நேரம் பார்த்து மாமா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார், கூடவே மேஸ்திரியும்.

“குட்டிய மட்டும் எடுத்துக் குடுங்க சார். கர்ப்பப் பைய எடுக்க வாணாம். இந்தத் தபா தப்பிப்போனாலும் அடுத்த தபா குடுக்கணும். அல்லார்கிட்டயும் சொல்லி வச்சிகிறேன்.”

என் வாயில் வாக்கியங்கள் தயாராக இருந்தன. அத்தை என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு முன்னே வந்தார். கணவர் எதிரில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

“யோவ், எனக்குக் கண்ணாலம் ஆவசொல்ல பதினாலு வயசு. மொதப் புள்ள வயித்துலயே பூட்ச்சு. அடுத்த தபா பாத்துக்கலாம்னு உங்கம்மாவும் இப்டித்தான் சொன்னாங்கோ. நான் தாங்கிக்கினேன். இது தாங்காதுன்னு டாக்டரே சொல்றாரு.” மருத்துவரிடம் திரும்பினார். “எட்துடுங்க சார். இட்டாந்தவ நானு.”

மாமா சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார். மேஸ்திரி தரையைப் பார்த்தார். மருத்துவர் எங்களை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

லில்லி பிழைத்தது. உயிரோடு கிடைத்த குட்டிகள் இரண்டு, இரண்டுமே பெண். பேசிவைத்த பெருமக்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பிடரியைப் பிடித்துத் தூக்கினார்கள், அடியில் பார்த்தார்கள், கீழே விட்டார்கள். “பொட்டைய வச்சிகினு இன்னா பண்றது மாமு? வருசா வருசம் குட்டி போட்டு பேஜாரு” என்றார் மேஸ்திரி. யாருக்காக ஒரு குட்டி நாயைத் தாயாக்கினார்களோ, அவர் வாயாலேயே இதைக் கேட்டேன். குட்டி போடும் தொல்லை அவர் வீட்டுக்கு வரக்கூடாது. அடுத்த வீட்டு நாய் அவருக்காகச் செத்தாலும் பரவாயில்லை. இந்த நியாயத்தை எந்த மன்றத்தில் வைத்து விசாரிப்பது?

ஒரு குட்டியை நாங்கள் எடுத்துக்கொண்டோம். மற்றது லில்லியோடு வளர்ந்தது. ஆறு மாதம் நிறைந்ததும் அத்தை யாரையும் கேட்கவில்லை. இரண்டு குட்டிகளையும் அழைத்துப்போய் அறுவைச் சிகிச்சையை முடித்துக்கொண்டு வந்தார். மாமா அன்று சாப்பிட மாட்டேன் என்றார். சோற்றை மூடிவைத்துவிட்டு அத்தை படுத்துவிட்டாராம்.

நான் இன்றும் மேடை ஏறுகிறேன், பரிசும் வாங்குகிறேன். ஆனால் தாய்மையே பெண்மையின் நிறைவு என்று எவராவது முழங்கும்போது, எந்த வயதில், யாருடைய மானத்துக்காக என்று எழுந்து கேட்காமல் என்னால் உட்கார்ந்திருக்க முடிவதில்லை.