பூஜ்ஜியம் காட்டிய மீட்டர்

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலையில் விஷவாயு மீட்டர்களைப் பராமரிப்பது என் வேலை. ஒருநாள் காலை, கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பெடுக்க இரண்டு பேர் இறங்க நின்றார்கள். மூடியைத் திறந்து மீட்டரை உள்ளே விட்டபோது பூஜ்ஜியம் காட்டியது.

"வாயு இல்லம்மா, இறங்கட்டும்" என்றார் மேற்பார்வையாளர்.

எனக்கு நம்பிக்கையில்லை. மீட்டரைச் சரிபார்க்க வைத்திருக்கும் சோதனை வாயுவை அதில் பாய்ச்சினேன்; நல்ல மீட்டர் என்றால் அலற வேண்டும். அப்போதும் பூஜ்ஜியம். உள்ளிருந்த சென்சார் செத்திருந்தது. மூடியை இழுத்துத் தொட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்தேன்.

"எந்திரிம்மா. இம்புட்டு வேலை கெடக்கு."

"கெடக்கட்டும் சார். புது சென்சார் வார வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

மதியம் அது வந்து சேர்ந்தது. புது சென்சாரை மாட்டி மீட்டரைக் கயிற்றில் இறக்கியதும் அலறியது. இறங்க நின்றவர்களில் ஒருவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தோலுக்கு மெருகு அடிக்கும் கொட்டகையில்தான் மீட்டரை மாட்டிவைத்திருந்தார்கள். மெருகிலிருந்த சிலிக்கோன் ஆவி படிந்து சென்சாரைக் கொன்றிருந்தது. யாரிடமும் கேட்காமல் மீட்டரை என் அறைக்கு மாற்றினேன். இப்போது சென்சார்கள் நெடுநாள் உழைக்கின்றன. ஆனாலும் தினமும் சோதனை வாயு காட்டாமல் எந்த மீட்டரையும் வெளியே கொடுப்பதில்லை. நேரமாகிறது என்று முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.