நாற்காலி இருந்தும் நின்றேன்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. இலங்கையில் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயம் ஒன்றில் எங்கள் வீடு. தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்கள் எடுக்கிறார்கள், ஹட்டனில் நேர்முகத் தேர்வு என்று தெரிந்ததும் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் லயத்தில் பத்தாம் வகுப்புத் தேறிய முதல் பெண் நான். இந்த வேலை கிடைக்காவிட்டால் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான். கங்காணி வேறு வீட்டு வாசலில் வந்து நின்று, "எப்ப பேரு பதியிறது?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

அப்பா அன்று வேலைக்குப் போகாமல் என்னோடு பஸ் ஏறினார். ஹட்டன் வரைக்கும் வழிநெடுக எனக்குப் பாடம்தான்.

"செருப்ப வாசல்லயே கழட்டிரு புள்ள. கையக் கட்டிக்கிட்டு நில்லு. உக்காரச் சொல்லுவாங்க, உக்காந்துறாத. அது ஒரு பேச்சுக்குச் சொல்றது. நின்னாத்தான் நல்ல புள்ளைன்னு நெனப்பாங்க."

அவரை என்ன சொல்வது? எங்கள் தோட்டத்தில் துரை எதிரே வந்தால், மழை கொட்டினாலும் குடையை மடக்கிவிட்டு ஓரமாக ஒதுங்க வேண்டும். ஆபீசில் ஏதாவது கேட்பதென்றால் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் கேட்க வேண்டும். துரைக்கு முன்னால் உட்கார்ந்த தொழிலாளி ஒருவரைக்கூட அப்பா தன் ஆயுளில் பார்த்ததில்லை. தனக்குத் தெரிந்த மரியாதையைத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

தேர்வு நடந்தது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் வெளியூர் அதிகாரிகள். மூன்றாமவரை எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மகன். படித்து உத்தியோகத்துக்குப் போய், டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம்ம தோட்டத்து ஆள் ஒருவர் இருக்கிறாரே என்று எனக்கு அப்பாடா என்றிருந்தது. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

நடுவில் இருந்த வயதானவர் உட்காரச் சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மறுபடியும் சொன்னார்.

"பரவாயில்லைங்க ஐயா" என்றேன்.

டை கட்டியவர் என் வெறுங்காலைப் பார்த்தார். "ஏன், நாற்காலி கடிக்குமா?" என்றார். பிறகு மற்ற இருவரிடமும் ஆங்கிலத்தில் சொன்னார்: லயத்து ஆட்கள் இப்படித்தான், நாற்காலி கொடுத்தாலும் அதை என்ன செய்வதென்று தெரியாது என்று. எனக்குப் புரியாது என்று நினைத்திருக்கிறார். எனக்கு நன்றாகவே புரிந்தது. முதலில் சிரித்ததும் அவர்தான், சத்தமாகச் சிரித்ததும் அவர்தான்.

"ஒங்களுக்கே ஒக்காரத் தெரியல. பிள்ளைங்கள எப்படி ஒக்கார வைக்கப் போறீங்க? சரி, போங்க."

அவ்வளவுதான். பாடத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் பெஞ்சு காலியாகக் கிடக்க, அப்பா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். கையில் என் செருப்பு. அதில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் துண்டால் துடைத்து வைத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார்:

"நல்லா நின்னியா புள்ள?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஏன் நின்றேன் என்று அந்த டை கட்டிய மனுசனுக்குத் தெரியாதா? அவருடைய அப்பாவின் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே என் அப்பா மழையில் நின்றதைப் பார்த்து வளர்ந்தவர்தானே! வெளியூர் அதிகாரிகளுக்காவது விவரம் தெரியாது என்று விடலாம். எல்லாம் தெரிந்துகொண்டே, அவர்களிடம் நல்ல பெயர் வாங்க என்னை விற்றுவிட்டாரே, சீ!

அப்பா கையிலிருந்த செருப்பை வாங்கிக் காலில் மாட்டினேன். திரும்ப உள்ளே போனேன். வாசலில் அடுத்ததாக ஒரு பெண் உள்ளே போகக் காத்திருந்தாள். அவளை விலக்கிக்கொண்டு போய் நாற்காலியைச் சத்தம் வர இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஒக்காந்துட்டேன். இப்ப கேளுங்க" என்றேன்.

டை கட்டியவருக்கு முகம் சுண்டிவிட்டது. வயதானவர்தான் கணக்கில் இரண்டு கேள்வி கேட்டார். சரியாகவே சொன்னேன். வாசலில் அப்பா, "ஐயா, மன்னிச்சிருங்க, சின்னப்புள்ள" என்று கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த முறை எனக்கு வேலை கிடைக்கவில்லை. நான் உட்கார்ந்ததால்தான் போச்சு என்று அப்பா நம்பினார். கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினேன். மறுபடி ஆள் எடுத்தபோது வேறு ஆட்கள் இருந்தார்கள். முதல் தடவை சொன்னதுமே உட்கார்ந்தேன். டீச்சராகிவிட்டேன்.

ஒருநாள் அப்பா என் வகுப்புக்கு வந்தார். நான் மறந்துவிட்டு வந்த சோற்றுப் பொட்டலத்தைக் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் முன்னால் என் நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஒக்காருங்கப்பா" என்றேன்.

"இருக்கட்டுங்க டீச்சர்" என்றார் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு.

பெற்ற மகள் முன்னால்கூட உட்காரவிடாமல் அவரைப் பழக்கி வைத்தவர்கள் மேல் எனக்கு அன்று வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை, ஆற விடுவதாகவும் இல்லை.