மூன்று கிலோவுக்குக் கீழே

தோல் வாரைத் தராசில் வைத்து, சிவப்பு எண் அசையாமல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்கிறார் செய்கு முகம்மது. இருநூற்றுப் பத்து கிராம். உதட்டைப் பிதுக்குகிறார். அதை எடுத்துவிட்டு நைலான் வாரை வைக்கிறார். தொண்ணூறு. "இது மனுசன் தோளுக்கு. அது ஒட்டகத்துக்கு" என்று தராசிடமே சொல்லிவிட்டு, நைலான் வாரைத் துப்பாக்கியில் மாட்டுகிறார்.

துபாயின் தேராவில், நகைக்கடை நெரிசலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் வேட்டைச் சாமான் கடையில், துப்பாக்கிப் பிரிவு அவருடையது. ஊர் கீழக்கரை, வயது ஐம்பத்தேழு, இருபத்திரண்டு வருட சர்வீஸ். எல்லோருக்கும் செய்கு பாய். அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் நான் குப்பை கொட்டுகிறேன். மதிய இடைவேளை வந்தால் கீழே இறங்கி அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவேன். "ஆபீஸை மாத்திட்டீங்களா?" என்று என் மனைவி ஜெயலட்சுமி கேட்கிறாள். என்ன செய்ய, அங்கேதான் குளிர்ச்சியாக இருக்கிறது. பாதி ஏசி, மீதி அவர் பேச்சு.

அவர் பேச்சில் மலைகள் வரும். கஜகஸ்தானில் பனி எத்தனை மணிக்கு இறங்கும், ஹங்கேரிக் காட்டில் மான் எந்தப் பக்கம் தண்ணீர் குடிக்க வரும், ஆப்பிரிக்கப் புல்வெளியில் காற்று எப்போது திரும்பும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, ஒரு கையால் எண்ணெய்த் துணியைக் குழலின் மேல் ஓட்டிக்கொண்டே சொல்வார். "விடியக்காலைல அந்த மலையாடு பாறைல நிக்கிம் தம்பி. சும்மா நிக்கிம். அதுவும் நம்மள மாதிரி வெளிச்சத்த பாக்கத்தான் வந்திருக்கும்." கேட்டுக்கொண்டிருந்தால் வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயில் என்பது மறந்துபோகும். இத்தனைக்கும் அவர் பார்த்த நிலம் கீழக்கரையும் துபாயும்தான். மற்றதெல்லாம் வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து சொன்னது.

வாடிக்கையாளர் வந்தால் விலைப்பட்டியலை நீட்டமாட்டார். காலித் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, கண்ணை மூடச் சொல்வார். மூடியபடியே தோளில் வைக்க வேண்டும். பிறகு கண்ணைத் திறந்தால் குறிபார்க்கும் ஸ்கோப்பின் வட்டம் முழுசாக, கறுப்பு நிழல் இல்லாமல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஸ்கோப்பை ஒரு விரல் முன்னே தள்ளுவார், அல்லது தோளில் அணைகிற கட்டையை மாற்றுவார். டார்ச், முக்காலி, பட்டை பட்டையாக இரும்பு என்று இளவட்டங்கள் கேட்டால், "நீங்க சுமக்குறீங்களா, அது உங்கள சுமக்குதா?" என்பார். கீழக்கரையில் அவர் மனைவி அஸ்மத் பீவிக்கு, கணவர் வேலை பார்ப்பது 'ஸ்போர்ட்ஸ் கடை'. லீவில் ஊருக்குப் போகும்போது கடைக்குப் போட்டுவந்த சட்டை ஒன்றுகூடப் பெட்டியில் ஏறாது. அதன் பையில் எங்காவது ஒரு காலித் தோட்டா ஒட்டிக்கொண்டிருந்து ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது?

ஒரு மதியம், கடையில் ஆளில்லாத நேரம், என் பக்கமாகக் குனிந்தார். "தம்பி, இது உங்க காதோட இருக்கட்டும். நான் இதுவரைக்கும் ஒரு தோட்டா சுட்டதில்ல."

நான் சிரித்துவிட்டேன். தப்பு. அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"மொத வருசம் பயம். அஞ்சாவது வருசம் வெக்கம். இருவது வருசத்துக்குப் பொறவு யார்ட்ட போய்க் கேக்க?"

இந்த நவம்பரில் அபூ காலித் வந்தார். எழுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார், இந்த ஊர் அரபி. செய்கு பாயிடம் ஆதிகாலத்திலிருந்து வாங்குகிறவர். போன வருடம் கார் விபத்தில் வலது தோள் நொறுங்கி, உள்ளே இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். இன்னோர் அடி பட்டால் அந்தக் கை அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மகன்கள் டிசம்பரில் கஜகஸ்தானுக்கு வேட்டைக்குப் போகிறார்கள். வர வேண்டாம் என்று அவர்கள் தடுத்தும், அவருக்கும் போக வேண்டும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிற வயதா அது?

செய்கு பாய் அதைத் தன் வீட்டுக் கல்யாணம் போல எடுத்துக்கொண்டார். செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் ஒன்றைத் தேர்ந்தார். விசையை இழுத்தால் ஒரு குண்டு போகும், அடுத்தது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்து ஏற்ற வேண்டாம். உடைந்த தோளுக்கு அதுதான் தோது என்றார். பிறகு கனத்தைக் குறைக்க ஆரம்பித்தார். மரக்கட்டை போய் ஃபைபர் கட்டை வந்தது. பெரிய ஸ்கோப் போய்ச் சின்னது வந்தது. கடைசியில், தோளில் பதிகிற இடத்தில் இருந்த தடித்த ரப்பர் பட்டையையும் கழற்றிவிட்டு, பிஸ்கட் கனத்தில் ஒரு மெல்லிய பட்டையை வைத்தார். இரண்டு கிலோ தொள்ளாயிரத்து எண்பது. "மூணு கிலோக்குக் கீழ" என்று எனக்குக் கரக் டீ வாங்கிக் கொடுத்தார். அபூ காலித் கண்ணை மூடி அதைத் தோளில் வைத்தபோது, எத்தனையோ மாதம் கழித்து மலையைப் பார்த்தவர் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. "ரீஷா" என்றார். இறகு என்று அர்த்தம்.

அவர் போனபின் நான்தான் வாயைத் திறந்தேன். "பாய், கனம் குறைஞ்சா சுடும்போது தோள்ல உதை கூடிப்போகாதா? நான் ஒண்ணும் தெரியாதவன், சும்மா கேக்கறேன்."

"ச்சே, கூட்டாளி தோள்ல தட்டுன மாதிரி ஈக்கும். எல்லாருக்கும் அதத்தான சொல்றேன்" என்றவர், துணியை நிறுத்திவிட்டார்.

"உங்களுக்கு யார் சொன்னது?" என்றேன்.

துணியை மடித்து வைத்தார். "மொதமொதல்ல எங்கிட்ட வாங்குன ஆளு. ஆனா அவன் பயில்வான் கணக்கா இருப்பான், தம்பி." பிறகு, ஏதோ விலை கேட்பது போலச் சாதாரணமாக, "சனிக்கிழமை அபூ காலித் சுட்டுப் பாக்க ரேஞ்சுக்கு வாறார். வண்டி எடுப்பீங்களா?" என்று கேட்டார்.

நகரத்தைத் தாண்டியதும் மூடுபனி. சாலையும் மணலும் ஒரே வெள்ளையாக இருந்தன. மின்கம்பங்கள் ஒவ்வொன்றாகப் பிறந்து ஒவ்வொன்றாக மறைந்தன. இப்படியே போய்க்கொண்டே இருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. செய்கு பாய் பேசாத ஒரு மணி நேரத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

ரேஞ்சில் அபூ காலித் முன்னமே வந்து, வெள்ளைக் கந்தூரா அங்கியில், குழந்தை மாதிரி காத்துக்கொண்டிருந்தார். ரேஞ்ச் அதிகாரி துப்பாக்கியைச் சோதித்து, ஒரே ஒரு குண்டு ஏற்றினார். அபூ காலித் கையை நீட்டினார்.

"மொதல்ல நான்" என்றார் செய்கு பாய், அரபியில்.

அவர் அதைத் தோளில் வைத்த அழகைப் பார்த்தால் பிறந்ததிலிருந்தே சுடுகிறவர் என்றுதான் நினைப்பீர்கள். நான் காதுக் கவசத்தை இறுக்கிக்கொண்டேன். சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. அவர் ஒரு எட்டு பின்னால் போனார். பனி அப்படியே நின்றது. அட்டையில் ஓட்டை விழுந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. அவர் துப்பாக்கியை மெல்ல இறக்கி மேசையில் வைத்தார். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

"நல்லது. யல்லா, ஹாத்" என்று, 'சரி, கொடு' என்ற அர்த்தத்தில், அபூ காலித் மறுபடி கையை நீட்டினார்.

இருபத்திரண்டு வருடமாகக் கேட்டதை எடுத்துக் கொடுத்த மனிதர், கொடுக்கவில்லை. துப்பாக்கியை அதிகாரியிடம் தள்ளிவிட்டார். என் அரைகுறை அரபிக்கே புரிகிற மாதிரி, நிதானமாகச் சொன்னார். "நான் இன்னைக்குத்தான் மொத தடவ சுட்டேன், அபூ காலித். உங்ககிட்ட நான் சொன்னதெல்லாம் அடுத்தவன் சொன்னது. கனத்தைக் குறைச்சேன், உதை கூடிப்போச்சு. அந்தத் தடிச்ச பட்டைய நான் கழட்டியிருக்கக் கூடாது. இது உங்களுக்கு ஆகாது."

கிழவர் சிரித்தார். அவருக்கு நம்பிக்கை இல்லை. மகன்கள் போட்ட தடைக்கு இவனும் உடந்தை என்று நினைத்திருக்கலாம். "என் தோள், என் பாடு" என்றார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

செய்கு பாய் வலது கையைத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. இடது கையாலேயே, தடுமாறி, சட்டையின் மேல் பொத்தான்கள் மூன்றையும் கழற்றினார். கழுத்துப்பட்டியை இழுத்துத் தோளைத் திறந்தார். உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. அபூ காலித்தின் நீட்டிய கையைப் பிடித்து, அந்த இடத்தின் மேல் வைத்துக்கொண்டார்.