லூர்தம்மாள் தாத்தா

பஞ்சு தாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு, வெற்றிலையை மடித்து வாயில் போடுகிறார் லூர்தம்மாள். கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு அங்கிக்குள் தலையணை கட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் தாடியின் ஓரத்தில் கறை ஏறிவிடும். கேட்டால், "தாத்தான்னா வெத்தல போடக் கூடாதா இன்னா?" என்பார்.

ஒரகடம் கூட்டு ரோட்டில், காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களை நம்பி இட்லிக்கடை போட்டிருக்கிறார். எங்கள் சேவைச் சங்கக் கூட்டங்களுக்கும் அவர் கடை டிபன்தான். ஒரு வருஷம், பிள்ளைகளுக்காகச் சங்கம் நடத்திய விழாவில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக வரவேண்டியவர் ஓவர்டைம் என்று கம்பெனியிலேயே தங்கிவிட்டார். பிள்ளைகள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். லூர்தம்மாள் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கியை மாட்டிக்கொண்டார். அவருடையது கட்டைக் குரல், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மறு வருஷம் அவரையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டோம்.

கூட்டத்தில் பேசமாட்டார். படப்பையில் ஒரு ஸ்வீட் கடையின் மாடியில் நாங்கள் கம்பளி, கேக், பொங்கலுக்கு வேட்டி சேலை என்று விவாதித்துக்கொண்டிருப்போம். அவர் கடைசி நாற்காலியில், செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

போன டிசம்பர் கூட்டத்தில், ஆஸ்பத்திரி விபத்து வார்டை இந்தத் தடவை விட்டுவிடலாம் என்றார் தலைவர் பிரசன்னா. கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், நல்ல மனிதர். "போன வருஷம் ஒருத்தர் மூஞ்சியத் திருப்பிக்கினாரு. கை கால் போய்ப் படுத்துகினு கீறவங்க முன்னாடி நாம போய் மேளம் அடிக்கறது நல்லாவா கீது? ஸ்கூலுக்குப் போலாம்."

லூர்தம்மாள் கண்ணைத் திறந்தார். "ஸ்கூலுக்கு எல்லாருந்தான் வராங்க. ஆஸ்பத்திரில கீற பசங்களுக்கு யாரு வரா? அவுங்க ஊரு எங்கியோ கீது. மேளம் வோணாம்னா வுட்டுடு தம்பி. நாம போவலாம்."

அப்படித்தான் முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனோம். ஜன்னலோரக் கட்டிலில் கோவில்பட்டிப் பக்கத்து இளைஞன் ஒருவன். தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வலது கை விரல்கள் போய்விட்டன. இடது கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கேக்கை நீட்டியதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "எனக்கு ஒண்ணும் வேண்டாம். வேடிக்கை காட்டவா வந்தீங்க?"

பிரசன்னா என்னைப் பார்த்தார். திரும்பிவிட்டால் தேவலை போலிருந்தது.

"இல்லப்பா, காலு நோவுது. செத்த குந்திக்கறேன்" என்று லூர்தம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து தாடியைக் கழற்றினார்.

அவன் மெல்லத் திரும்பிப் பார்த்தான். "நீங்க பொம்பளையா?"

"ஆமா. அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லல. பொங்கலுக்கு வருவேன்னு இருக்கா. இந்தக் கைய வச்சுக்கிட்டு நான் என்னன்னு சொல்ல?"

"எனக்கும் தெரியல. ஆனா வேற யாராச்சும் சொன்னா அவுங்க பயந்துடுவாங்க. நீ பேசினா, புள்ள நல்லா கீறான்னு கொரல்லயே தெரிஞ்சிரும்."

அவன் தலையணைக்கு அடியில் போன் இருப்பதைக் கண்ணால் காட்டினான். அவன் சொன்ன பெயரைத் தேடி அழுத்தி, அவன் காதில் வைத்தார் லூர்தம்மாள்.

"சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டது ஒரு பெண்குரல்.

"அம்மா" என்றான். அழுகை வந்துவிட்டது. விட்டு விட்டுச் சொல்லி முடித்தான். மறுமுனையிலும் அழுகை, அப்புறம் கேள்விகள். எந்த ஆஸ்பத்திரி, ராத்திரி யார் கூட இருக்கிறார்கள், வலிக்கிறதா. நாளைக்கே பஸ் ஏறுகிறேன் என்று சொன்னது எங்களுக்கும் கேட்டது. அதன் பிறகும் தாயும் மகனும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

லூர்தம்மாள் எங்களை அடுத்த கட்டிலுக்குப் போகச் சொல்லித் தலையசைத்தார். தூக்கிப் பிடித்த வலது கை கடுக்கத் தொடங்கியதும் போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டார், அவன் காதை விட்டு அது விலகாதபடி.