கதவுக்கு முட்டுக்கொடுத்த கல்

மலையூரான தானா ராத்தாவுக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டு நிற்கிறேன். கைவிடப்பட்ட ஈயச் சுரங்கத்தில் நான் கண்டெடுத்த பச்சைக் கனிமத்துக்கு உலகில் இன்னும் பெயரில்லை. என்னிடம் இருப்பதோ கடுகளவு. சோதனைக்கே அது சரியாகிவிடும். அருங்காட்சியகத்தில் வைக்க ஒன்றும் மிஞ்சாது.

கொழுந்து பறிக்கும் செல்வியக்கா செம்போடு வருகிறார். அவர் காலடியில், கதவுக்கு முட்டாக, உள்ளங்கை அகலத்தில் அதே பச்சை! பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். அதேதான். மாமனார் சுரங்கத்தில் வேலை செய்தபோது கொண்டுவந்ததாம்.

“அக்கா, இது உலகத்துக்கே புதுசு!”

“எங்களுக்குப் பழசு தம்பி. எவ்ளோ காத்தடிச்சாலும் கதவு அசையாது. ஒங்க பேரையா வைக்கப் போறீங்க?”

“கண்டுபிடிச்சவன் தன் பேரை வைக்கக் கூடாதுக்கா.”

“பாவம்லா!” சிரிக்கிறார். “எடுத்துக்குங்க. ஆனா வேற நல்ல கல்லா பாத்து வச்சிட்டுப் போங்க.”

ஓடையில் இறங்கித் தேடுகிறேன். முதல் கல் உருள்கிறது. இரண்டாவது கனம் பத்தாதாம். மூன்றாவதை நானே முட்டுக்கொடுக்கிறேன். காற்று வீசுகிறது. கதவு படாரென்று சாத்திக்கொள்கிறது.

உள்ளேயிருந்து குரல் வருகிறது: “கல்லப் பத்தித்தானே படிச்சீங்க தம்பி?”