சூடு என்ற ஒரே சொல்

தூருன் கொப்பரைக்குள் தலையை விட்டு, கருகிப்போன சூடேற்றும் கம்பிச்சுருளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சை உப்பு போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு வடித்த பிறகும் கறுப்பு முழுக்கப் போகவில்லை. ஃபோர்டே என்ற எங்கள் ஊரின் பொது மண்டபத்து அடித்தளத்தில்தான் எங்கள் பியர் காய்ச்சும் சங்கம் கூடும். பள்ளிச் சமையலறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவள் என்பதாலோ என்னவோ, தேய்க்கிற வேலை எப்படியோ அவள் தலையில் விழுந்துவிட்டது.

இந்த முறை கருக்கியதும் அவள்தான். அந்த இலையுதிர் காலத்தில் அது மூன்றாவது கருகல். முதல் இரண்டு பேரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவள் கருக்கியதும் ஸ்டைனார் தீர்மானம் எழுதிக்கொண்டு வந்துவிட்டான். நீர்மின் நிலையத்தில் வேலை பார்ப்பவன் அவன். கொப்பரையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தானியங்கித் திரை அவன் கைவேலை. இனிப் பயிற்சி உள்ளவர்கள் மட்டும் கொப்பரையைத் தொடலாம் என்றது தீர்மானம். பட்டியலில் தூருன் பெயர் இல்லை. கிறிஸ்துமஸ் பியர் காய்ச்ச இரண்டு வாரம்தான் இருந்தது.

"தப்பு என் கையில இல்ல, ஸ்டைனார். உன் வார்த்தைல இருக்கு," என்றாள் கொப்பரைக்குள்ளிருந்து. "ஊறவைக்கிறப்போ 'சூடு'ன்னா டிகிரி. கொதிக்கவைக்கிறப்போ அதே 'சூடு'ன்னா, கம்பி நூத்துல எத்தனை பங்கு வேலை செய்யணும்கிறது. ரெண்டுக்கும் ஒரே பேரா?"

"எந்தக் கட்டம்னு ஓரத்துல எழுதியிருக்கே. கண்ணாடி போட்டுப் படி."

"எறும்பு அளவுக்கு எழுதி வெச்சிருக்க."

"படிக்கிறவங்களுக்கு அது போதும். இன்னைக்கு நான் காய்ச்சுறேன், பாரு."

"காய்ச்சு. இப்பதான் தண்ணி கொதிக்கவெச்சு வடிச்சிருக்கேன், ஞாபகம் வெச்சுக்கோ."

"சரி, சரி."

குழாயிலிருந்து வெந்நீர் நிரப்பி, முளைகட்டிய பார்லியைக் கொட்டிக் கிளறி, ஊறவைக்கும் டிகிரியாக அறுபத்தேழு என்று அழுத்தினான். 'சூடு 67' என்றது திரை. எல்லோரும் மாடிக்கு வாஃபிள் தின்னப் போனோம்.

அரை மணி நேரத்தில் வாசனை வந்தது.

"வாஃபிள் கருகுது," என்றான் ஸ்டைனார்.

"வாஃபிள் என் கையில இருக்கு," என்றாள் குன்லாவ், எங்களில் மூத்தவள்.

ஓடி இறங்கினோம். பார்லிக் கஞ்சி குபுகுபுவென்று பொங்கிக்கொண்டிருந்தது. திரையில் அதே 'சூடு 67'. அது பொய் சொல்லவில்லை. தூருன் விட்டுவைத்த கொதிக்கும் கட்டத்திலேயே இருந்துகொண்டு, நூற்றுக்கு அறுபத்தேழு பங்கு மும்முரமாக வேலை பார்த்திருந்தது. ஸ்டைனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

"பட்டியல்லேர்ந்து உன் பேரையும் எடுத்துரலாமா?" என்று குன்லாவ் கேட்டதும் அடித்தளமே சிரித்தது.

தூருன் சிரிக்கவில்லை. "டிகிரி டிகிரியாவே இருக்கட்டும். கொதிக்கிறதுக்கு மட்டும் நம்ம வீட்டு அடுப்புத் திருகு மாதிரி ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் போடு. பேரு 'தீ'. ஆறையும் அறுபத்தேழையும் யாரும் குழப்பிக்க மாட்டாங்க."

"மின்கம்பில தீ எங்க இருக்கு?"

"வாசனை வந்துச்சே."

அவள் சொன்னதை ஏற்றுப் பதினான்கு பேர் கை தூக்கினோம். கடைசியாக, காது வரைக்கும் மட்டும் உயர்ந்தது ஸ்டைனாருடையது. தீர்மானக் காகிதத்தை அவனே நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் பியரைத் தூருன்தான் காய்ச்சினாள், நாலரைத் தீயில். அப்படி ஒரு பியரை நாங்கள் குடித்ததில்லை. அதன் பிறகு இன்றுவரை ஒரு முறைகூடக் கருகவில்லை. கண்ணாடியை மறந்துவிட்டு வந்த குன்லாவ் கையில்கூட. 'தீ' என்ற அந்தச் சொல்லைப் பெர்கன் நகரத்துச் சங்கத்துக்காரர்கள் வந்து எழுதிக்கொண்டு போனார்கள்.

ஆனால் அன்று, கைகள் இறங்கியபோது, கொப்பரையில் நாலு விரல் கனத்துக்குக் கருகல் ஒட்டியிருந்தது. தூருன் கையைத் துடைத்துக்கொண்டு மேலங்கியை மாட்டினாள். தேய்க்கும் நாரை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஆணியில் தொங்கவிட்டாள்.

"அப்போ இதை யாரு தேய்க்கிறது, தூருன்?" என்றான் ஸ்டைனார்.

அவள் கொண்டைக்கு மேல் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு படியேறிப் போனாள்.