அப்பா மறைக்க மறுத்த சனிக்கிழமை

எங்கள் அப்பா இத்தீவின் கரும்புத் தோட்ட ஊரான கான் தெ மாஸ்கில் பிறந்தார். அங்கேயே கரும்பு வெட்டக் கற்று, அங்கேயே மணம் முடித்து, சென்ற ஆண்டு இதே மாதத்தில் எங்களைப் பிரிந்தார். முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அவரைச் சாது என்பீர்கள். அது பாதிதான் சரி.

சர்க்கரை ஆலையில் அப்பாவுக்கு வெட்டுக் காலத்தில் மட்டுமே வேலை. அம்மா பின்னலாடைத் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கியபின், சமையல், துணி துவைப்பது, எனக்குத் தலை பின்னுவது எல்லாம் அப்பாவின் கைக்கு வந்தன. கப்பலில் சரக்கு ஏற்றும் வாரங்களில் அம்மாவுக்குச் சனிக்கிழமையும் வேலை இருக்கும். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, வேலிக்கு வெளியே நின்று, வீட்டம்மாவுக்கு வணக்கம் சொல்வதுபோல் அப்பாவைக் கேலியாகக் கூப்பிடுவார். எங்கள் வீட்டுப் பேச்சு பிரெஞ்சுவழிக் கிரியோல் மொழி. இங்கே தமிழில் தருகிறேன்.

"பொன்ழூர் மதாம்! இன்னிக்கு என்ன கறி?"

"வெண்டைக்காய். வாங்க அண்ணா, சாப்பிட்டுப் போகலாம்."

பெரியப்பா சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்.

அப்பா நாயைக் கண்டால் ஒதுங்குவார். சந்தையில் பேரம் பேசமாட்டார். தீமிதியைப் பார்த்து அழுவார். தையல் வரிசை ஒன்றுக்கு மேற்பார்வையாளராகிவிட்ட அம்மாவின் குரல் தெருமுனை வரை கேட்கும். தொழிற்சாலை அவளை ஆம்பளை ஆக்கிவிட்டது, அடுப்பு அவனைப் பொம்பளை ஆக்கிவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, இதை ஒப்புக்கொண்டதில்லை. "கோழி அறுக்கிறதைப் பார்த்து அஞ்சு வயசிலேயே ஓடினவன் அவன். அப்போ எந்த அடுப்பு இருந்தது?" என்பார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை நான் பெரியவளானேன். அம்மா வேலைக்குப் போயிருந்தார். எங்கள் குடும்ப வழக்கப்படி பெண் ஒதுங்கி உட்கார வேண்டும், அத்தை வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதுவரை ஆண்கள் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது. அத்தை இருந்ததோ தூரத்து ஊரான தேர் ரூஜில். எனக்கு எதுவும் தெரியாது. அடிபட்டுவிட்டது என்று நினைத்து அழுதேன்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். "பயப்படாதே மகளே. எல்லாப் பொண்ணுக்கும் வர்றதுதான்" என்றார். வெந்நீர் வைத்து, அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துக் கதவருகே வைத்துவிட்டுச் சீனர் கடைக்குப் போனார். பின்பக்கத்தில் ரம் குடித்துக்கொண்டிருந்தவர்கள் காதில் விழும்படியே நாப்கின் கேட்டார்.

"யாருக்குடா?" என்றார், அவர்களோடு இருந்த பெரியப்பா.

"என் மகளுக்கு."

மறுநாள் உறவினர் கூடினார்கள். "ஆம்பளை செய்யற காரியமா இது? சீ!" என்றார் பெரியம்மா. பிறகு அவரே வழியும் சொன்னார்: அத்தை தற்செயலாக வந்திருந்தார், தண்ணீர் ஊற்றியது அவர்தான் என்று சொல்லிவிடலாம். அத்தையும் சரி என்றார். அப்பா ஒப்புக்கொண்டால் போதும். இல்லையென்றால் சடங்குக்குப் பெரியப்பா குடும்பம் வராது.

அம்மாவே கேட்டார். "ஒரு தலையாட்டல்தானே! என் பிள்ளைக்கு நான் இல்லாமப் போனேன்னு ஊர் பேசணுமா?"

"நீ வேலைக்குப் போயிருந்தே. நான் இருந்தேன். இதிலே பொய் எதுக்கு?"

"உங்களுக்கு வெட்கமே இல்லையா?"

"இல்லை."

பெரியப்பா வராமலே சடங்கு நடந்தது. அதன்பிறகு நெடுநாள் அம்மா பிள்ளைகளான எங்கள் வழியாகத்தான் அப்பாவிடம் பேசினார். அப்பா கட்டிவைத்த சாப்பாட்டை முகம் பாராமல் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறுவார். நாய்க்கு வழிவிட்ட மனிதர் மனைவிக்கு வழிவிடவில்லை. அம்மா அன்று என்ன இழந்தார் என்று அப்பா கேட்டதும் இல்லை. அதை மென்மை என்பதா, கடினம் என்பதா, எனக்கு இன்றும் தெரியவில்லை.

பக்கவாதம் வந்து அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது முறைவைத்துக் காவலிருந்த ஆலை நண்பர்களுக்கும், கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், கிரியைகளைக் குறையின்றி நடத்திய குருக்களுக்கும், பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்த பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது அம்மா சொன்னார்: "அந்தச் சனிக்கிழமையை எழுதாதே. பெரியப்பா வீட்டுக்கும் இந்தப் புத்தகம் போகும்."

"அப்பா இருந்தால் மறைக்கச் சொல்லமாட்டாரே, அம்மா."

"அவர் போயிட்டார். ஊர்லே நான்தான் இருக்கேன்."

அம்மா சம்மதிக்காமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, எழுதியதை அவருக்கு முழுவதும் வாசித்தேன். அம்மா கடைசி வரை கேட்டார். பிறகு சொன்னார்:

"அவர் சொன்னது இருக்கட்டும். நான் அவர்கிட்டே கேட்டதையும் எடுத்துடாதே."